சவுத்வெஸ்ட் பங்காளிகள்

(ஹூஸ்டன். சனிக்கிழமை. டிவியில் காலேஜ் ஃபுட்பால். சோபாவில் மாமனாரும் மருமகனும்.)

மாமனார்: டெக்சாஸும் ஆர்கன்சாவும் பரம்பரைப் பகைன்னீங்க மாப்பிள்ளை. ஒரே லீக்லயா ஆடுறாங்க?

மருமகன்: முன்னாடியும் ஒண்ணாத்தான் இருந்தாங்க மாமா, சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ்ங்கிற லீக்ல. 1914-ல ஆரம்பிச்சது. 1996-ல இழுத்து மூடிட்டாங்க.

மாமனார்: சீட்டுக் கம்பெனி மாதிரியா? யாரு பணத்தோட ஓடினது?

மருமகன்: ஓடலை, கொடுத்தாங்க. அந்த லீக்ல இருந்த டல்லஸ் காலேஜ் எஸ்எம்யூ, ஆட்டக்காரங்களுக்குக் கள்ளத்தனமா காசு கொடுத்து மாட்டுச்சு. அப்புறமும் ஏற்கெனவே சொல்லிவச்ச 13 பசங்களுக்கு மாசம் 50 டாலர்லருந்து 725 வரைக்கும் போய்க்கிட்டே இருந்துச்சு. மொத்தம் 61,000.

மாமனார்: வாக்குத் தவறாத மனுஷங்க!

மருமகன்: அப்ப எஸ்எம்யூ போர்டு தலைவரா இருந்த பில் கிளெமென்ட்ஸ், 1987-ல டெக்சாஸ் ஸ்டேட் கவர்னர். தெரிஞ்சுதான் விட்டோம்னு அவரே ஒத்துக்கிட்டார்.

மாமனார்: பதவி போச்சா?

மருமகன்: டீம்தான் போச்சு. காலேஜ் விளையாட்டையெல்லாம் கட்டி மேய்க்கிற சங்கம் என்சிஏஏ, 1987 சீசனையே ரத்து பண்ணிடுச்சு. 1988-ல வெளியூர் ஆட்டம் மட்டும் ஆடலாம்னாங்க. ஆனா பசங்க வேற காலேஜுக்குக் கிளம்பிட்டாங்க, ஆளே சேரலை. அதையும் காலேஜே வேண்டாம்னுடுச்சு.

மாமனார்: அதுலதான் கூட்டு உடைஞ்சுதா?

மருமகன்: அது காயம். உயிரை எடுத்தது டிவி. 1984-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால என்சிஏஏவோட பிடி போச்சு, அவங்கவங்களே டிவிக்கு விலை பேசலாம்னு ஆச்சு. சவுத்வெஸ்ட்லயோ ஒன்பதுல எட்டு டெக்சாஸ் காலேஜ். வெளி ஸ்டேட்காரன் எதுக்குப் பார்ப்பான்?

மாமனார்: ஒரே தெருவுல எட்டு இட்லிக் கடை.

மருமகன்: ஒன்பதாவது ஆர்கன்சா. 1990-லயே எஸ்இசின்னு வேற லீக்குக்குப் போறோம்னுடுச்சு. 1994-ல டெக்சாஸ், ஏ அண்ட் எம், டெக்சாஸ் டெக், பெய்லர் நாலும் பிக் எய்ட்னு இன்னொரு லீக் ஆளுங்களோட கை கோத்து பிக் 12 ஆக்கிட்டாங்க. ரைஸ், டிசியூ, எஸ்எம்யூ, ஹூஸ்டன் நடுத்தெருவுல.

மாமனார்: பாவம். அந்த எஸ்எம்யூ இப்ப எங்க?

மருமகன்: 2024-லருந்து அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல.

மாமனார்: டல்லஸ்ல ஏது மாப்பிள்ளை கடல்?

மருமகன்: கலிஃபோர்னியா ஸ்டான்ஃபோர்டும் அதுலதான். அவங்களுக்காவது கடல் இருக்கு, என்ன, பசிபிக்.

மாமனார்: சரி, இங்க ஆடுறது?

மருமகன்: எஸ்இசி. ஆர்கன்சா, டெக்சாஸ், ஏ அண்ட் எம், ஓக்லஹோமா எல்லாம் இப்ப இதுல. 1914-ல சவுத்வெஸ்ட்டை ஆரம்பிச்ச எட்டுப் பேர்ல இவங்க நாலு பேர்.

மாமனார்: பூர்வீக வீட்டை இடிச்சுட்டு, பங்காளிங்க நாலு பேரும் ஒரே ஃபிளாட்லயா குடியிருக்கானுங்க! (டிவியைப் பார்த்து) அடிச்சுக்கத்தான் செய்வானுங்க. சவுண்டை வைங்க.