ஒரு லட்சம் திர்ஹமுக்கு ஆயுசு முழுக்க

(துபாய், தேரா. 2025 ஜூலை. ஆறு பேர் தங்கும் அறை. இருவரும் ஏசி மெக்கானிக்குகள். கீழ்க் கட்டிலில் கீழக்கரை ஹாஜா பாய் அட்டையால் விசிறிக்கொண்டு படுத்திருக்க, முதுகுளத்தூர் முத்து போனோடு ஓடி வருகிறான்.)

முத்து: பாய், எந்திரிங்க! ஒரு லட்சம் திர்ஹம் கட்டினா ஆயுசுக்கும் இங்கயே தங்கிக்கலாம்னு கோல்டன் விசாவாம். நம்ம காசுக்கு வெறும் 23 லட்சம்தான்!

பாய்: வெறும் 23 லட்சமா? உன் சம்பளம் எவ்வளவுடா?

முத்து: 1,800 திர்ஹம். ஊர்ல ஒரு ஏக்கர் கெடக்குல்ல பாய், அதை வித்துட்டா...

பாய்: அந்தக் கருவேலங்காட்டையா? அதை 23 லட்சத்துக்கு வாங்குறவன் எவனாச்சும் இருந்தா, முதல்ல அவனுக்குக் குடுக்கணும் கோல்டன் விசா.

முத்து: ரஜினி சாருக்கு மட்டும் குடுத்தாங்கள்ல?

பாய்: போன வருஷம் அபுதாபியில வச்சுக் குடுத்தாங்க. அவரு நடிகரு. நீயும் நடிக்கிறவன்தான், சூப்பர்வைசர் வந்தாத்தான் ஸ்பேனரையே தூக்குறே. ஆனா அதையெல்லாம் கணக்குல சேர்க்க மாட்டாங்க.

முத்து: அப்ப இந்த ஒரு லட்சம்?

பாய்: புரளி. இந்த ஊரு அரசாங்கமே அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு அறிக்கை விட்டுருச்சு. காசு காட்டி வாங்கணும்னா 20 லட்சம் திர்ஹமுக்கு வீடோ மனையோ இருக்கணும். ரூபாய்ல நாலரைக் கோடிக்கு மேல. அதுவும் பத்து வருஷத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்கணும்.

முத்து: பத்து வருஷம்! நமக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா விசா முடியுறப்ப வயித்தைக் கலக்குது. வேற என்ன வசதி பாய்?

பாய்: ஆறு மாசத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தாலும் அந்த விசா சாகாது. நாம அப்படி ஊர்ல உக்காந்தா விசா காலி. துபாய் மெரினாவுல ஒரு கோல்டன் விசாக்காரன் வீட்டுக்கு ஏசி ஃபில்டர் கழுவப் போனேன்னு சொன்னேன்ல? வாட்ச்மேன்தான் கதவைத் தெறந்தான். சோபாவுல சுத்துன பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கலை. அடுப்புல கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. ஏசி மட்டும் ஓடுது.

முத்து: ஆளில்லாத வீட்டுல எதுக்கு ஏசி?

பாய்: பூட்டியே கெடந்தா செவுத்துல பூசணம் பூக்கும்டா.

முத்து: செவுத்துக்கு ஏசி! இங்க ரெண்டு மெக்கானிக் இருக்குற ரூம்ல கம்ப்ரசர் செத்துக் கெடக்கு.

பாய்: செவுத்துக்கு விசா இருக்குடா. உனக்கு?

முத்து: சரி, பொண்டாட்டி புள்ளைகளையாவது கூட்டியாரலாமா?

பாய்: கோல்டன்காரன் எத்தனை வயசுப் புள்ளையையும் கூட்டியாரலாம். நமக்குன்னா சம்பளம் 4,000 வேணும். இல்லேன்னா 3,000-மும் தங்குற இடமும்.

முத்து: தங்குற இடம் இருக்கே!

பாய்: எது, இந்த மேல் கட்டிலா? ஏணி வச்சு ஏறி வந்து பார்ப்பாரா ஆபீசரு?

முத்து: ஸ்பெயின்ல ட்ரை பண்ணுவோமா?

பாய்: அங்க 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினா விசான்னு வச்சிருந்தான். உள்ளூர்க்காரனுக்கு வீடே கிடைக்கலைன்னு சண்டை. இந்த ஏப்ரல்ல கடையைச் சாத்திட்டான்.

முத்து: நம்ம நாட்டுல இப்படி ஒண்ணும் இல்லையா?

பாய்: ஏன் இல்ல? 2016-லயே கொண்டாந்தாங்க. வெளிநாட்டுக்காரன் 18 மாசத்துக்குள்ள 10 கோடி போடணும், இல்ல 36 மாசத்துக்குள்ள 25 கோடி. வருஷா வருஷம் நம்மாளுக 20 பேருக்கு வேலை குடுக்கணும். பத்து வருஷம் இருந்துக்கலாம்.

முத்து: (எழுந்து உட்கார்ந்து) நம்ம அரபி முதலாளிகிட்ட 10 கோடி தேறுமா பாய்?

பாய்: அவரு ராஜாளி வளர்க்குறதுக்கே அள்ளி விடுறாரு. ஏன்டா?

முத்து: அவரை முதுகுளத்தூருக்குக் கிளப்பிருவோம். அந்த 20 பேர்ல நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு.

பாய்: கூறுகெட்டவனே, அங்கயும் அவருதான்டா முதலாளி! அங்கயும் நீ ஃபில்டர்தான் கழுவணும்!

முத்து: கழுவுறேன் பாய். ஆனா விசா எப்ப முடியுதுன்னு காலண்டரைப் பார்க்குறது அவருல்ல?