கரி செய்த கார்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு எப்படியோ கார் பந்தயத்துக்கு வந்துவிட்டது. "அதெல்லாம் காசு இருக்கறவங்க விளையாட்டுங்க, நமக்கெதுக்கு" என்றார் பக்கத்து இலை மாமா. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தின் மேல் அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அப்படிச் சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தப் பேச்சைப் பொய்யாக்கிக் காட்டிய மனிதர் இந்த ஊரில்தான் வாழ்ந்தார். அவர் பெயரைச் சொன்னேன். "யாரு, செட்டிபாளையத்து டிராக் பேருல இருக்கற கரியா?" என்றார். அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அன்று பந்தியில் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சுந்தரம் கரிவரதன். ஊருக்குக் கரி. பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் பந்தயம் ஓட்டினார். சோழவரத்தில் கைவிடப்பட்ட போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் அது. அப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வண்டி வரவழைக்கும் வசதி இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். மற்றவர்கள் அம்பாசிடரையும் ஃபியட்டையும் பிரித்து மாட்டி, வண்டியின் உடம்பில் பாதி எடையைக் கழற்றிப் போட்டு ஓட்டினார்கள். பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் ஓட்டியிருக்க முடியும் என்று கேட்டால், மாமா சொன்ன பதில்தான் வரும்.

கரி கைவைத்தது அந்த இடத்தில்தான். எண்பதுகளில் மாருதி 800 வந்திருந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். நாடு முழுக்க உதிரிபாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். அந்த எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை கொண்ட, சக்கரங்கள் மூடப்படாமல் வெளியே தெரியும் பந்தயக் காருக்குள் வைத்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது. தயாரித்தது கோவையில் அவர் நடத்திய சூப்பர் ஸ்பீட்ஸ் நிறுவனம்.

இதில் உள்ள கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மாருதி 800 முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டி. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக முன்னால் இருக்கும். அந்தக் கட்டை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், பின்சக்கரம் தள்ளும் பந்தயக் காருக்குத் தேவையான அமைப்பு கிடைத்துவிடும். தனியாக விலை உயர்ந்த கியர்பாக்ஸ் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அப்புறம் எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டகம். அப்பா பணக்காரர் என்பதற்காக எவனுடைய கார் மட்டும் இரட்டிப்பு வேகத்தில் பறந்துவிட முடியாது. ஜெயித்தால் கை ஜெயித்தது என்று அர்த்தம்.

மலிவு என்றால் கூலித் தொழிலாளி வாங்கக்கூடிய மலிவு இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடீஸ்வரர் வீட்டில் பிறக்காத ஒரு பையன் நினைத்துப் பார்க்கக்கூடிய தூரத்துக்கு அந்த விளையாட்டு இறங்கி வந்தது. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஜோர்டான் அணிக்காக மெல்போர்னில் அவர் களமிறங்கியபோது கோவையில் எத்தனை டீக்கடைகளில் டிவியைச் சுற்றிக் கூட்டம் நின்றது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கரி அதைப் பார்க்க இல்லை. 1995 ஆகஸ்டில், சின்ன ரக விமான விபத்து ஒன்றில் இறந்துபோனார். நாற்பத்தோரு வயது.

என் அப்பா ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறையில் டர்னர். முப்பத்தாறு வருஷம் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தவர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கரி இறந்த செய்தி வந்த அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது புரியவில்லை. பந்தயக்காரர் ஒருவர் இறந்ததற்கு அப்பா ஏன் இப்படி இருக்கிறார் என்று நினைத்தேன். வளர்ந்த பிறகுதான் விளங்கியது. ஃபவுண்டரி, பேட்டர்ன், லேத், மில்லிங், வெல்டிங் என்று இந்த ஊர் நூறு தெருக்களில் செய்துகொண்டிருக்கும் வேலைகளைக் கூட்டிக் கட்டினால் பந்தயக் கார் வரும் என்று காட்டியவர் கரி. எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் சமாச்சாரத்தைத் தன் கைத்தொழிலோடு சேர்த்து நினைக்க அப்பாவுக்கு இடம் கொடுத்தவர். அவர் வளர்த்த தொழிலில் பழகிய மெக்கானிக்குகளும் பொறியாளர்களும் பிறகு தாங்களே பந்தய அணிகளையும் பட்டறைகளையும் தொடங்கினார்கள்.

அவருக்குப் பின்னால் ஊரும் விட்டுவிடவில்லை. பைக்குக்கு ரோலன் செயின் செய்யும் எல்.ஜி.பாலகிருஷ்ணன் (எல்.ஜி.பி) நிறுவனத்தின் பி.விஜயகுமார், சின்ன விமானங்களுக்கு ஓடுதளம் போட நினைத்திருந்த செட்டிபாளையம் நிலத்தில் பந்தயத் தடம் போட்டார். 2003-ல் திறந்தார்கள். 2.1 கிலோமீட்டர். தன் பெயரையோ கம்பெனி பெயரையோ வைக்காமல் கரி மோட்டார் ஸ்பீடுவே என்று வைத்தார். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை. பெரிய தடம் இல்லைதான். ஆனால் தேசியச் சாம்பியன்ஷிப் சுற்றுகள் வருஷாவருஷம் அங்கே நடக்கின்றன. எல்.ஜி.பி ஃபார்முலா கார்கள் ஓடுகின்றன. அவையும் நம் ஊரில் கிடைக்கும் சாதாரண மாருதி எஞ்சின்களை வைத்துக் கட்டியவைதான். கரி போட்ட அதே கணக்கு.

இப்போது கிரேட்டர் நொய்டாவைப் பாருங்கள். புத் சர்வதேசத் தடம், 5 கிலோமீட்டருக்கும் மேலே. 2011, 2012, 2013 என்று மூன்று வருஷம் ஃபார்முலா 1 வந்தது, மூன்றையும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார். அப்புறம் வரவே இல்லை. வரி விவகாரம் முக்கியமான காரணம். இது விளையாட்டா, கேளிக்கையா என்ற கேள்வி வந்தது. கேளிக்கை என்று வைத்து வரி கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அங்கே யாராலும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், என் கணக்கில், அந்தத் தடத்தைச் சுற்றி விளையாட்டு என்று காட்ட ஒன்றும் வளரவில்லை. வருஷத்தில் மூன்று நாள் வெளியூர்க்காரர்கள் வந்து ஓட்டிவிட்டுப் போகும் இடத்தை வேறு என்னவென்று சொல்வது?

சென்னை விஷயத்திலும் என் பயம் அதுதான். தெருவில் மூன்றரை கிலோமீட்டர் தடம் போட்டு, விளக்குப் போட்டு, இரண்டு நாள் ஓட்டினார்கள். நானும் போய் வந்தேன். வண்டி எதிரே கடக்கும்போது நெஞ்சுக்குள் வரும் அதிர்வு பொய் இல்லை. பக்கத்தில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு சிரித்த குழந்தையின் முகத்தை மறக்க மாட்டேன். இரண்டு நாள் கேளிக்கை தப்பே இல்லை. ஆனால் அந்தக் குழந்தைக்குப் பத்து வயதில் அந்த ஆசை வந்தால் அடுத்த நாள் காலையில் அது எங்கே போகும்? வாடகைக்கு ஒரு கோ-கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டி, ஓட்டக் கற்றுக்கொடுக்க ஒருவர், ஒரு சிறிய தடம். மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகும் கட்டணம். அரசாங்கம் இந்தப் பக்கம் பணத்தைத் திருப்பட்டும். தனியார் முதலாளிகளும் திருப்பட்டும். லாபம் மெதுவாகத்தான் வரும், தெரியும். கரியும் ஒரு நாளில் சம்பாதிக்கக் கிளம்பியவர் இல்லை.

சித்தி பையன் கல்லூரியில் மாணவர் ஃபார்முலா அணியில் இருக்கிறான். தாங்களே வரைந்து, தாங்களே கட்டி, செட்டிபாளையத்துக்குக் கொண்டுவந்து ஓட்டும் போட்டி. கல்லூரி பாதிச் செலவு தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கைவிரித்துவிட்டது. பெயர் வேண்டாம். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, இரண்டு பட்டறைக்காரர்களிடம் கடன் சொல்லி வண்டியை முடித்தார்கள். ஜனவரியில் அதைப் பார்க்க அப்பாவையும் கூட்டிப் போனேன். ஓட்டத்தை அவர் அதிகம் பார்க்கவில்லை. வண்டி திரும்பி வந்து நின்றதும் முட்டி வலியோடு குனிந்து சக்கரத்தின் ஹப்பைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இதெங்க கண்ணு கடஞ்சீங்க? ஃபினிஷிங் நல்லா வந்திருக்குது."

"ஆவாரம்பாளையத்துலதானுங்க தாத்தா" என்றான் அணியில் இருந்த ஒரு பையன்.

அப்பா எந்தத் தெரு என்று கேட்டார். பட்டறைக்காரர் பெயரைக் கேட்டார். அப்புறம் அரை மணி நேரம் இருவரும் அந்த வண்டியின் கீழேயிருந்து எழவே இல்லை.