அந்த 500 கோடி உயிர்கள்

நேற்று ராத்திரி, எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ கூட்டத்தைப் பற்றிய 'டார்க் ஃபீனிக்ஸ்' படத்தை இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். 2019-இல் முதல் தடவை பார்த்தபோது வந்த கோபத்தில் எதையாவது கவனிக்காமல் விட்டிருப்பேனோ என்று ஒரு சந்தேகம். இல்லை. இந்தத் தடவை இன்னும் அதிகமாக வலித்தது.

வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள் எல்லாம் உண்மைதான். வசனத்தில் உயிரில்லை. விண்வெளியில் முடியவேண்டிய கிளைமாக்ஸை மறுபடி படமாக்கி ரயிலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் அந்த ரயில் சண்டை நன்றாகவே இருக்கிறது. ஹான்ஸ் ஸிம்மரின் இசையும் தன் வேலையைச் செய்கிறது. என் வருத்தம் இதிலெல்லாம் இல்லை.

மூலக்கதை 1980-இல் எக்ஸ்-மென் காமிக்ஸில் வந்தது. எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட், வரைந்தவர் ஜான் பைர்ன். 135-ஆம் இதழில், அளவில்லாத ஒரு சக்தி உள்ளே புகுந்து டார்க் ஃபீனிக்ஸாக மாறிவிட்ட எக்ஸ்-மென் நாயகி ஜீன் கிரே பசி தாங்காமல் ஒரு நட்சத்திரத்தையே விழுங்கிவிடுவாள். அதைச் சுற்றிவந்த கிரகத்தில் வாழ்ந்த டி'பாரி என்ற இனம் மொத்தமும் அழிந்துபோகும். 500 கோடி உயிர்கள். எதிரிகள் அல்ல, எந்தச் சண்டையிலும் இல்லாதவர்கள். செய்தவளோ 1963-இல் முதல் இதழிலிருந்து வாசகர்கள் கூடவே வந்த பெண். அந்தப் பக்கத்தை முதன்முதலில் படித்தபோது, அடுத்த பக்கத்தைப் புரட்ட எனக்குக் கை வரவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் பிறகு நடந்தது. 137-ஆம் இதழுக்கு முதலில் தயாரான முடிவில் ஜீனின் சக்தியைப் பறித்துவிட்டு அவளை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேரைக் கொன்றவள் அதற்கு விலை கொடுக்காமல் போக முடியாது என்றார். கடைசிப் பக்கங்களை மாற்றினார்கள். நிலவில், தன் நினைவு தன்னிடம் இருக்கும்போதே, இனி இது நடக்கக்கூடாது என்று ஜீன் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வாள். கைவிடப்பட்ட முடிவையும் 1984-இல் தனியாக வெளியிட்டார்கள். இதமான முடிவுதான். ஆனால் அதைப் படித்தால் ஷூட்டர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்பது புரிந்துவிடும்.

இப்போது படத்துக்கு வருகிறேன். டி'பாரி இனம் இதிலும் இருக்கிறது. ஆனால் அவர்கள் கிரகத்தை அழித்தது ஜீன் இல்லை. விண்வெளியில் திரிந்த ஒரு சக்தி, அவளுக்குள் நுழைவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டதாம். மிஞ்சிய டி'பாரிகள் உருமாறிப் பூமிக்கு வருகிறார்கள், சக்தியைப் பறித்து நம் உலகத்தைப் பிடிக்க. அதாவது, மூலக்கதையில் கொல்லப்பட்டவர்கள்தான் படத்தில் வில்லன்கள்!

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜீன் கையால் அவள் கூட்டத்தைச் சேர்ந்த ரேவன் சாகிறாள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கட்டுமீறிய ஒரு நொடி, ஒரு விபத்து. அந்தப் பழியும் மெல்ல எக்ஸ்-மென்னின் குரு சார்லஸ் பக்கம் திரும்பிவிடுகிறது, குழந்தைப் பருவத்தில் ஜீன் மனதுக்குள் சுவர் எழுப்பி உண்மையை மறைத்தவர் அவர்தானே என்று. அப்பாவைத் தேடிப்போகும் காட்சியில் ஜீனாக வரும் ஸோஃபி டர்னர் அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார். உண்மையான குற்றத்தைச் சுமக்கும் ஜீனை அவரால் நிச்சயம் தந்திருக்க முடியும். திரைக்கதை அதற்கு இடம் தரவில்லை.

எழுதி இயக்கியவர் சைமன் கின்பெர்க். இதே கதையைத் தொட்ட 2006 படத்தின் திரைக்கதையிலும் அவர் பங்கு உண்டு. ஒரே கதைக்கு இரண்டு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

காமிக்ஸும் பின்னால் இதே தப்பைச் செய்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அழித்தது ஜீனே இல்லை, அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட வேறொரு சக்தி என்று 1986-இல் மாற்றி எழுதினார்கள். அவளைத் திரும்பக் கொண்டுவர அதுதான் வழி என்று நினைத்திருக்கலாம். அப்போதும் காணாமல் போனது அந்த 500 கோடிப் பேரின் கணக்குதான்.

படத்தின் கடைசியில் வானத்தில் ஒரு நெருப்புப் பறவை பறக்கிறது, அவள் இன்னும் எங்கேயோ இருக்கிறாள் என்று நமக்கு ஆறுதல் சொல்ல. படத்தை நிறுத்திவிட்டு 137-ஆம் இதழை எடுத்தேன். நிலவில் காதலன் ஸ்காட்டிடம் ஜீன் விடைபெறும் இடம் வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.