ஹேண்ட்கேம் யாருக்கு?

நேற்று ராத்திரி அந்த வீடியோ கேம் லைவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் வரிசையாக நாலு பேரை வீழ்த்தியதும் சாட் முழுக்க ‘ஹேக்’, ‘அவ பேர்ல அண்ணன் ஆடுறான்’, ‘ஹேண்ட்கேம் போடு’. அதாவது, ஆடுவது தன் கைதான் என்று கேமரா வைத்துக் காட்ட வேண்டுமாம். முந்தைய சுற்றில் அதே அணிப் பையன் இதைவிட நம்ப முடியாத ஷாட் அடித்தான். அவனுக்கு வந்தது ‘தலைவா!’. அவனிடம் ஒருத்தர்கூடக் கையைக் காட்டச் சொல்லவில்லை.

இது புதிதும் இல்லை. 2016-இல் ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடிய கொரிய வீராங்கனை கெகுரிக்கு வயது 17. தானாகவே குறிபார்த்துச் சுடும் எய்ம்பாட் போடுகிறார் என்று எதிரணியினர் பழி சொன்னார்கள். அந்த கேமை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனமே அவர் ஏமாற்றவில்லை என்று சொன்னது. அதுவும் போதவில்லை, ஸ்டுடியோவில் மாஸ்க் போட்டு உட்கார்ந்து, கை தெரிய நேரலையில் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. 2018-இல் ஓவர்வாட்ச் லீக்கில் இடம்பிடித்த முதல் பெண் அவர்தான்.

‘உடல் பலமே தேவையில்லாத ஆட்டம், திறமை இருந்தால் மேலே வரலாமே’ என்பீர்கள். அணியாகச் சுட்டு ஆடும் வாலரன்ட்டில் ஒருநாள் ‘ஸ்பைக் பி-யில்’, அதாவது வெடிகுண்டு பி என்ற இடத்தில் இருக்கிறது, என்று மட்டும் மைக்கில் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒருவன் ‘பொண்ணா?’ என்றான். இன்னொருவன் ‘போச்சு, இந்த மேட்ச் அவ்ளோதான்’ என்றான். ஸ்பைக் பீப் அடித்துக்கொண்டிருக்கிறது, இவர்கள் என் வயதைக் கேட்கிறார்கள். அதைச் செயலிழக்க வைக்க ஓடியது நான். கவர் கொடுக்க ஒருத்தனும் வரவில்லை. தோற்றதற்குக் காரணமும் நான்தானாம்! அன்றிலிருந்து மைக் ஆஃப், மேப்பில் குறி காட்டும் பிங் மட்டும்தான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பேசிப் பேசியே ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில், வாயை மூடிக்கொண்டு எவ்வளவு தூரம் ஏற முடியும்?

‘அதற்குத்தான் உங்களுக்குத் தனி டோர்னமென்ட் இருக்கிறதே’ என்றும் சொல்வீர்கள். வாலரன்ட்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் 2021-இல் பெண்களுக்காக கேம் சேஞ்சர்ஸ் போட்டிகளைத் தொடங்கியது, நல்லதுதான். அங்கே யாரும் ‘பொண்ணா?’ என்று கேட்க மாட்டார்கள், அணியாகப் பேசி ஆடிப் பழகலாம். ஆனால் அதைக் காட்டியே ‘அங்கே போய் ஆடு’ என்று எங்களைத் தள்ளாதீர்கள்.

சிலர் 2019-இன் ‘எல்லி’ கதையின் லிங்க்கோடு வருவீர்கள்; பெண் என்று சொல்லி ஓவர்வாட்ச் அணியில் சேர்ந்த பெயர் அது. சரி, அது போலிதான். ஒரு ஆண் பெண் வேடம் போட்டதற்கு எல்லாப் பெண்களும் ஏன் கணக்குக் காட்ட வேண்டும்? 2018-இல் ஷாங்காயில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கேம் ஆடிய ஒரு ஆண் வீரர் போட்டியின் நடுவிலேயே ஹேக்கோடு பிடிபட்டார். அதற்குப் பிறகு ஆண்கள் எல்லோரும் ஹேண்ட்கேம் வைத்துத்தான் ஆட வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. அவர் செய்தது அவரோடு போயிற்று.

ஜெயித்தால் நம்புவோம் என்கிறீர்கள். ஜெயித்தாயிற்று. கனடா வீராங்கனை ஸ்கார்லெட் 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங் போட்டியில் ஸ்டார்கிராஃப்ட் கேமின் இறுதி ஆட்டத்தை 4-1 என்று வென்றார். 2019-இல் பிளிசார்டின் பிளிஸ்கான் விழாவில், ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்ட கேமின் உலகப் பட்டம் சீன வீராங்கனை லியூன் கைக்கு வந்தது. இரண்டுமே ஆண்களும் ஆடிய போட்டிகள். இன்னும் எத்தனை கோப்பையைக் காட்ட வேண்டும்?

‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம், ஏன் இவ்வளவு சீரியஸ்’ என்று நேற்று இன்பாக்ஸில் வந்து கேட்டவர்கள் என் நண்பர்கள். அதுதான் வலிக்கிறது. உங்களோடு விடிய விடிய ஜோடியாக ஆடியிருக்கிறேன், என் குறி எப்படி என்று உங்களுக்கே தெரியும். இனி எனக்கு இன்வைட் அனுப்பாதீர்கள்.