வெயில் வற்றலும் உலர்த்தியின் வெப்பமும்

‘வெயிலில் காயவைத்த மரக்கறியில் சத்து அப்படியே இருக்கும்; மின் உலர்த்தியின் 60 பாகை வெப்பம் எல்லாவற்றையும் அழித்துவிடும்’ என்று கூறப்படுவது சரியன்று. நார்ச்சத்தும் இரும்பு, கல்சியம் போன்ற கனியுப்புகளும் அந்த வெப்பத்தில் அழிவதில்லை. எளிதில் குறைவது விற்றமின் சி. ஆனால் வெப்பத்தோடு காற்றிலுள்ள ஒட்சிசனும் உலர எடுக்கும் நேரமும் சேர்ந்தே அதைச் சிதைக்கின்றன என்பதால், குறைந்த வெப்பத்தில் இரண்டு மூன்று நாட்கள் கிடக்கும் துண்டுகள், 55 முதல் 60 பாகை செல்சியஸில் சில மணி நேரத்தில் உலர்ந்தவற்றைவிடக் கூடுதலாகவே இழக்கக்கூடும். கரட், முருங்கையிலை ஆகியவற்றிலுள்ள, உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டினுக்கோ நேரடி வெயிலின் ஒளியும் பகை. இலைகளை நிழலில் உலர்த்தச் சொன்ன நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த இடத்தில் சரியாகவே சொன்னார்கள்.

கொழும்பின் ஈரக் காற்றில், அதுவும் வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் பல்கனியில், பாகற்காய் காய்வதற்கு முன்பே பூஞ்சணம் பிடித்துவிடக்கூடும். அதற்காக வெப்பத்தைத் தொடக்கத்திலேயே 80 பாகைக்கு உயர்த்துவதும் தவறு: மேற்பரப்பு இறுகி உள்ளீரம் அடைபட்டுவிடும், நிறமும் கெடும். உலர்த்துவதற்கு முன் வெட்டிய துண்டுகளைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தால், சத்தைச் சிதைக்கும் நொதியங்கள் செயலிழந்து, பின்னர் கரோட்டின் கெடுவது குறையும். விற்றமின் சியில் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும் என்பதால், நீராவியில் அவித்தெடுப்பது மேல்.