ஊரை மாற்றிப் பாருங்கள், கதை நிற்கிறதா?

வருடக் கடைசியில் வரும் "படித்ததில் பிடித்தவை" பட்டியல்களில் அர்பன் ஃபேண்டஸியையும் (நகரத்தில் நடக்கும் மாயக்கதை) டார்க் ஃபேண்டஸியையும் (இருண்ட மாயக்கதை) ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். முதலாவதைத் தாங்குவது ஊர். இரண்டாவதைத் தாங்குவது விலை, அதாவது மாயத்துக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்பது. ஊர் சுற்றிப் பார்க்க வந்த வாசகர் கையில் போர்க்களப் படுகொலையைக் கொடுத்தால், நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு "இந்த வகையே நமக்கு ஆகாது" என்று போய்விடுவார். அதனால் என் பட்டியலை, எங்கே ஆரம்பிப்பது, எங்கே இடறும் என்பதோடு சேர்த்தே தருகிறேன். புது வெளியீடுகள் மட்டும்தான் என்ற கட்டுப்பாடு இல்லை. நல்லவற்றில் பாதிக்கு மேல் பழசு.

அர்பன் ஃபேண்டஸிக்கு ஒரு சோதனை உண்டு. கதை நடக்கும் ஊரை உருவிவிட்டு வேறொரு ஊரை அங்கே வையுங்கள். எதுவும் குலையவில்லை என்றால் அது வெறும் பேய்க்கதை, ஊர் பின்னால் மாட்டிய திரைச்சீலை.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' நாவலுக்கு (2011, அமெரிக்கப் பதிப்பின் பெயர் 'மிட்நைட் ரயட்', இரண்டும் ஒன்றே, ஏமாந்து இரண்டையும் வாங்காதீர்கள்). லண்டனில் ஃப்ளீட், டைபர்ன் போன்ற ஆறுகள் நிஜமாகவே தெருவுக்கு அடியில் மூடப்பட்டு ஓடுகின்றன. நாவலில் அவை ஆட்கள், குணமும் கோபமும் உள்ள பெண்கள். தேம்ஸ் நதியில் கடல் அலை ஏறும் எல்லை டெடிங்டன். அதற்குக் கீழே தேம்ஸ் அம்மாவின் ஆட்சி, மேலே தேம்ஸ் அப்பாவின் ஆட்சி. நதிப் புவியியலே குடும்பச் சண்டையாகிவிடுகிறது. இதைத் தூக்கி வேறு நகரத்தில் வைக்கவே முடியாது.

நாயகன் பீட்டர் கிரான்ட் ஒரு சாதாரண கான்ஸ்டபிள். கொலை நடந்த இடத்தில் அவனுக்குக் கிடைக்கும் சாட்சி ஒரு ஆவி. அவன் மந்திரம் கற்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கையில் ஒரு சின்ன வெளிச்சம் வரவழைக்கவே வாரக்கணக்கில் பயிற்சி. அளவு மீறினால் மூளை கெடும். பக்கத்தில் இருக்கும் கைபேசியின் சிப் பொடியாகும். ஏன் என்று அவன் சோதனை செய்து பார்க்கிறான். மின்சாரம் ஓடாத சிப்புக்கு ஒன்றும் ஆவதில்லை என்று தெரிந்ததும், மின்கலத்தைத் துண்டிக்கத் தன் கைபேசியில் ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்கிறான்.

இது வெறும் வேடிக்கை இல்லை. இன்றைய நகரத்தில் மாயக்கதை எழுதுகிறவர்களுக்குப் பெரிய எதிரி பூதமில்லை, கைபேசி. "அங்கே போகாதே" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் பாதிக் கதை முடிந்தது. பூதத்தைப் படம் பிடித்தால் மீதியும் முடிந்தது. ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' வரிசையும் இதே கதவைத்தான் பூட்டுகிறது. சிகாகோவில் மந்திரவாதியாகவும் தனியார் துப்பறிவாளனாகவும் பிழைக்கும் ஹாரி டிரெஸ்டன் பக்கத்தில் போனாலே கணினி செத்துவிடும். அதனால்தான் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், வீட்டில் மெழுகுவத்தி, குளிக்கப் பச்சைத் தண்ணீர். ஒரே விதி சிக்கலையும் தீர்க்கிறது, ஆளின் ஏழ்மையையும் காட்டுகிறது. இந்தப் பூட்டைப் போட மறந்த நாவல்களில், 200 பக்கம் கழித்து நாயகியின் கைபேசி காரணமே இல்லாமல் சார்ஜ் இறங்கிப்போகும். கவனித்துப் பாருங்கள்.

டிரெஸ்டனில் முதல் நாவல் 'ஸ்டார்ம் ஃப்ரண்ட்' (2000). அங்கே ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கட்சி. முதல் இரண்டும் கைப்பழக்கம் வருவதற்கு முன் எழுதியவை. பெண்களைப் பற்றி நாயகன் செய்யும் வர்ணனை வேறு சலிப்பூட்டும். மூன்றாவதான 'கிரேவ் பெரில்' (2001) தொட்டுப் படியுங்கள், பிடித்தால் பின்னால் போகலாம். ஊர்ச் சோதனையில் இந்த வரிசை சுமார்தான். ஆனால் வாசற்படி பற்றிய அதன் விதி அபாரம்: பல வருடம் குடும்பம் வாழ்ந்த வீட்டின் வாசல் தீய சக்தியைத் தடுக்கும், கடைக்கும் அலுவலகத்துக்கும் அந்தக் காவல் கிடையாது, தனியாள் அறைக்குப் பேருக்குத்தான் இருக்கும். மாயத்தின் பலம் மந்திரத்தில் இல்லாமல் வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது.

செர்கேய் லுக்யானென்கோவின் 'நைட் வாட்ச்' (ரஷ்ய மொழியில் 1998) மாஸ்கோவில் நடக்கிறது. ஒளித் தரப்பும் இருள் தரப்பும் போர் செய்து களைத்து ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். ஒளித் தரப்பு மாயத்தால் ஒரு நல்லது செய்தால், அதே எடையில் ஒரு கெட்டது செய்ய மற்றவர்களுக்கு உரிமை வந்துவிடும். ரத்தக் காட்டேரி வேட்டையாட உரிமச் சீட்டு வாங்க வேண்டும், கொடுப்பவர்கள் நல்லவர்கள். இந்த அலுவலக வாடைதான் நாவலின் உயிர். ஒரு இடறல்: உள்ளே மூன்று தனிக்கதைகள் இருக்கின்றன. முதல் கதை முடிந்ததும் "என்ன, மறுபடி ஆரம்பிக்கிறதே" என்று தோன்றும், விட்டுவிடாதீர்கள். மூன்றாவதில் நூல்கள் சேர்கின்றன.

சைனா மியெவிலின் 'தி சிட்டி அண்ட் தி சிட்டி' (2009) பற்றிக் குறைவாகச் சொல்வதே நல்லது. ஒரே நிலத்தில் இரண்டு நகரங்கள். எதிரே வரும் அடுத்த நகரத்துக்காரரைப் பார்த்தும் பாராமல் நடக்க இரு ஊராரும் பழகியிருக்கிறார்கள், தவறினால் தண்டனை. மாயம் என்று எதுவும் இல்லாமலே 2010இல், அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைக்கும் தரப்படும் ஹியூகோ விருதை இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டது. விளக்கம் தேடி இணையத்துக்கு ஓடாமல் முதல் 60 பக்கங்களைக் கடந்துவிடுங்கள். ஜெமிசினின் 'தி சிட்டி வி பிகேம்' (2020) இதற்கு நேர் எதிர், நியூயார்க்கின் ஐந்து பகுதிகளும் ஆட்களாக வந்து உரத்துப் பேசும். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் பாதி நையாண்டி நழுவிவிடும். மூன்று பாகமாகத் திட்டமிட்டது இரண்டோடு நின்றது, இரண்டாவதில் (2022) அந்த அவசரம் தெரிகிறது.

இரண்டு வகைக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டுமானால் எம்மா புல்லின் 'வார் ஃபார் தி ஓக்ஸ்' (1987). அர்பன் ஃபேண்டஸியில் துப்பறிவாளர்கள் புகுந்து நிறைவதற்கு முன்னால் ராக் இசைக்காரர்களின் காலம் ஒன்று இருந்தது, அப்போது வந்தது. மினியாபொலிஸில் தேவதைக் கூட்டங்கள் இரண்டு மோதுகின்றன. சாவே இல்லாதவர்கள் மோதி என்ன பயன்? அதனால் சாகக்கூடிய ஒரு மனுஷியைக் களத்துக்கு இழுத்து வருகிறார்கள். அவள் களத்தில் இருந்தால்தான் அவர்களும் சாவார்கள். உடைகளும் உரையாடலும் பழசாகிவிட்டன, இந்த ஏற்பாடு பழசாகவில்லை.

இனி இருட்டுப் பக்கம். ரத்தத்தின் லிட்டர் கணக்கை வைத்து டார்க் ஃபேண்டஸியை அளக்கக் கூடாது. கொடுத்த விலை திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வெட்டிய கை அடுத்த அத்தியாயத்தில் முளைத்தால், செத்த தோழி மூன்றாம் பாகத்தில் எழுந்து வந்தால், ஒவ்வொரு பாக முடிவிலும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறினால், அது இருட்டு இல்லை, விளக்கை அணைத்துப் போட்ட விளையாட்டு.

ஆர். எஃப். குவாங்கின் 'தி பாப்பி வார்' (2018) ராணுவப் பள்ளிக் கதையாகத் தொடங்கும். அதை நம்பி இளம் வாசகருக்குப் பரிசளிக்காதீர்கள். பின்பாதியில் வரும் படுகொலைக்கு மூலம், 1937இல் சீனாவின் நான்கிங் நகரில் ஜப்பானியப் படை தொடங்கிய படுகொலை. அபினின் வழியே தெய்வத்தைத் தொடுகிறவர்கள் பைத்தியமாகிறார்கள், அந்த விலையில் எந்தத் தள்ளுபடியும் கிடையாது. லீ பார்டுகோவின் 'நைன்த் ஹவுஸ்' (2019) ஊரையும் விலையையும் ஒருசேரப் பிடித்த அபூர்வம். யேல் பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே இருக்கும் ரகசியச் சங்கங்கள், பங்குச் சந்தை நிலவரம் அறிய உயிருள்ள மனிதனின் குடலைப் பிரித்துக் குறி பார்க்கின்றன. அத்தியாயத் தலைப்பில் உள்ள பருவத்தைப் பார்க்காமல் படித்தால் காலம் குழம்பும், பலர் கைவிடுவது அங்கேதான். சிறுமி மீதான பாலியல் வன்முறை நேரடியாகவே வருகிறது. தாங்க முடியாதவர்கள் தொட வேண்டாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே, கிளென் குக்கின் 'தி பிளாக் கம்பெனி' (1984). கூலிப்படையின் மருத்துவன் எழுதும் நாட்குறிப்பு. ஒற்றைக்கண், மௌனி என்று பட்டப்பெயர்களாகவே வரும், வர்ணனை கிடையாது, யார் எந்தப் பக்கம் என்பது 50 பக்கத்துக்குப் பிடிபடாது. முதல் மூன்று பாகங்கள் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன, அதையே வாங்குங்கள். ஏனென்றால் உச்சம் இரண்டாவதான 'ஷேடோஸ் லிங்கர்'. அதில் ஷெட் என்ற கோழை, கடனில் மூழ்கிய சத்திரக்காரன். மலை மேல் ஒரு கறுப்புக் கோட்டை வளர்ந்துகொண்டிருக்கிறது, பிணம் கொடுத்தால் காசு தரும். ஷெட் கடனை அடைக்க ஆரம்பிக்கிறான். முதலில் குளிரில் செத்தவர்கள். பிறகு, சாகவேண்டியிருப்பவர்கள்.