விதை மூட்டையில் இருக்கும் ஊர்ப்பெயர்

எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் நேற்று வாழ்த்து மழை. ஜூனியர் ஒருவர் ஐ.ஏ.எஸ். தேறிவிட்டார். நானும் ஒரு பூங்கொத்துப் படம் போட்டேன். கோயம்புத்தூர் அக்ரி காலேஜில் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். யாராவது கலெக்டர் ஆவார்கள், நிறையப் பேர் வங்கிக்குப் போவார்கள் (அடியேன் அந்த ரகம்). அப்புறம் "நம்ம காலேஜ் பெருமை" என்று எம்.எஸ்.சுவாமிநாதன் படம் வரும். வரட்டும். இங்கே படித்தவர், 1987இல் முதல் உலக உணவுப் பரிசு வாங்கியவர். எனக்கு அவரோடு வழக்கு இல்லை. அவருக்கும் கலெக்டர்களுக்கும் நடுவில், புது ரகங்களை உருவாக்கிய ஒரு பெருங்கூட்டம் பேரில்லாமல் நிற்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

விதை மூட்டையைப் பாருங்கள். கோ 51, ஆடுதுறை 43, அம்பை 16. நெல் ரகங்களான இவையெல்லாம் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரின் பெயர்தான் (கோ என்றால் கோயம்புத்தூர், அம்பை என்றால் அம்பாசமுத்திரம்). ஒரு நெல் ரகம் வெளியே வரப் பத்து வருடமாவது ஆகும். ஒருவர் தொடங்கி, மாற்றலாகிப் போய், இன்னொருவர் முடித்து வைப்பார். மூட்டையில் இருவர் பெயரும் இருக்காது.

எங்கள் காலேஜுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்ற பெயர் 1971இல் வந்தது. சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய பள்ளிதான் பிறகு கோவைக்கு வந்து கல்லூரியானது. இங்கே நெல் ஆராய்ச்சி 1912இலேயே தொடங்கிவிட்டது. அதில் கிடைத்த முதல் புதையல், 1921இல் வெளியான ஜி.இ.பி. 24. கிச்சிலிச் சம்பா என்று பெயரெடுத்த சன்ன ரகம். அதையும் கோ 18ஐயும் சேர்த்துப் பிறந்தது டி.கே.எம். 6. அது தண்டுதுளைப்பான் புழுவைத் தாங்கும் என்பதால் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஐ.ஆர். 20 ரகத்துக்குப் பெற்றோராக எடுத்துக்கொண்டார்கள். எழுபதுகளில் ஐ.ஆர். 20 சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். "ஆராய்ச்சிக்காரர்கள் நம் பாரம்பரிய நெல்லை அழித்தார்கள்" என்று முகநூலில் சண்டை போடுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். பழைய ரகங்கள் பல வயலைவிட்டுப் போனது உண்மை, எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் கிச்சிலியின் பேரப்பிள்ளைகள் கடல் தாண்டியும் விளைந்தார்கள்.

பொன்னியின் கதை இன்னும் சுவாரசியம். கோவையில் நெல் ஆராய்ச்சி செய்த கே.ராமையா, 1946இல் ஒடிசாவின் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராகப் போனார். அந்தக் கட்டாக்கில் 1950களில் இரண்டு ரகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒட்டு ஒன்று மலேசியாவுக்குப் போய் 'மசூரி' ஆனது. அந்த மசூரி திரும்பி வந்து, நம் பல்கலைக்கழகத்தின் கையில் பக்குவப்பட்டு, 1986இல் வெள்ளைப் பொன்னியாக வெளிவந்தது. காவிரியின் பெயரோடு தட்டில் விழும் சோற்றுக்குப் பின்னால் இத்தனை பயணம்!

முருங்கையை விட முடியாது. பெரியகுளத்தில் 1989இல் விட்ட பி.கே.எம். 1, எப்போதும்வென்றான் என்ற ஊரின் நாட்டு முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்தது. போத்து நட்டுக் காத்திருந்த காலம் போய், விதை போட்ட ஆறே மாதத்தில் காய்.

படிக்கும்போது நானும் நெல்லுக்கு ஒட்டுக் கட்டியிருக்கிறேன். மாலையில் பூவின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்து, காகித உறை மாட்ட வேண்டும். மறுநாள் காலை இன்னொரு ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து அதன்மேல் உதற வேண்டும். நான் மூன்று பூ முடிப்பதற்குள் பண்ணையில் வேலை பார்த்த அக்கா இருபது முடித்துவிடுவார். "தம்பி, மூச்ச மெதுவா விடு, பூ ஆடுது" என்பார். பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கை இன்றுவரை வாய்க்கவில்லை. பழைய மாணவர் பட்டியலில் அவருக்கு இடம் கிடையாது, படித்தவர் இல்லையே!

நான்காம் ஆண்டில் ராவே என்கிற கிராமப்புறப் பயிற்சிக்காகக் கிராமத்தில் தங்கியபோது ஒரு தாத்தா கேட்டார்: "ஏம்ப்பா, அம்பை பதினாறு மாதிரி இன்னொண்ணு எப்பப்பா விடுவீங்க?" ஏதோ நானே அதைக் கண்டுபிடித்த மாதிரி. பதில் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே நேற்று ராத்திரி, வாழ்த்துகளுக்கு நடுவில் எங்கள் வீட்டுப் பொன்னி அரிசி மூட்டையைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். 'இதுவும் நம்ம ஆளுங்க செஞ்சதுதான்' என்று எழுதினேன். காலையில் பார்த்தால் ஒரே ஒரு பதில்.

"சிப்பம் என்ன விலைடா?"